அளவை யார் அளக்கிறார்கள்?

உணவில் ரசாயனம் என்று பேச்செடுத்தால், கொஞ்சம் அறிவியல் தெரிந்தவர்கள் உடனே ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பார்கள். தப்பில்லை. நச்சியலின் அடிப்படையே அதுதான். ஆனா இதைச் சொன்னதோட விவாதம் முடிஞ்சதா நினைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. அந்த அளவு எங்கிருந்து வருது?

வழக்கமான முறை எளிமையானது. விலங்குகளுக்குப் பல அளவுகளில் அந்தப் பொருளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கெடுதல் தெரியாத உச்ச அளவைக் குறித்துக்கொள்வார்கள். விலங்கும் மனிதனும் வேறு என்பதால் அதை 10ஆல் வகுப்பார்கள். மனிதர்களுக்குள்ளும் குழந்தை, நோயாளி என்று வித்தியாசம் இருப்பதால் இன்னொரு 10. ஆக 100. இது இயற்கை விதி கிடையாது. 1950களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் முன்வைத்து, அப்படியே நிலைத்துப்போன வழக்கம்.

வகுக்கிற எண்ணைவிடச் சிக்கலான இடம் ‘கெடுதல்’ என்ற சொல். இதற்கு பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ, நல்ல உதாரணம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும், உணவு டின்களின் உள்பூச்சிலும் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கும். வாழ்நாள் முழுக்க தினமும் எவ்வளவு உள்ளே போனாலும் பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன அளவுகளைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால்:

2006இல் 3 மில்லிகிராம்.
2015இல் 0.24 மில்லிகிராம்.
2023இல் 12 நானோகிராம்.

ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்குதான் நானோகிராம். எட்டே வருஷத்தில் அளவு 20,000 மடங்கு இறங்கிவிட்டது. பிபிஏ மாறவில்லை. நம் உடம்பும் மாறவில்லை. புதிய ஆய்வுகள் வந்தது உண்மை. கூடவே, எதைக் கெடுதலாக எடுத்துக்கொள்வது என்பதும் மாறியது. 2015இல் சுண்டெலிகளின் சிறுநீரக எடையை வைத்துக் கணக்கு போட்டார்கள். 2023இல் சுண்டெலிகளின் மண்ணீரலில் ஒருவகை நோய் எதிர்ப்பு செல்கள் கூடுவதை வைத்து.

ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்கவில்லை. அந்த செல்கள் கூடினால் நோய் வரும் என்று காட்டப்படவில்லையே, அதை எப்படிக் கெடுதல் என்பது என்று கேட்டது. ஆண் விலங்குகளின் விந்தணு குறைவதை அடிப்படையாக வைத்து அது சொன்ன அளவு, அதே 60 கிலோ ஆளுக்கு 12 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் மடங்கு அதிகம். ஐரோப்பிய மருந்து முகமையும் ஆணையத்தோடு முரண்பட்டது. இவர்கள் யாரும் வாட்ஸ்அப் வதந்தி பரப்புகிறவர்கள் இல்லை.

இந்த வித்தியாசம் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிறது. ஆணையத்தின் எண்ணை எடுத்தால் ஐரோப்பியர்களில் பெரும்பாலானவர்கள் வரம்பைத் தாண்டிவிட்டார்கள். ஜெர்மன் எண்ணை எடுத்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை.

என் விமர்சனம் எண் தப்பு என்பதல்ல. மதிப்பிடுவது விஞ்ஞானியின் வேலை, தீர்மானிப்பது அரசின் வேலை என்று பாடப்புத்தகத்தில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நடப்பில் பாதித் தீர்மானம் அந்த எண்ணுக்குள்ளேயே நடந்து முடிகிறது. ‘ஒரு செல்லின் எண்ணிக்கை மாறினாலே எச்சரிக்கையாக இருக்கணும்’ என்பதும், ‘நோய் வரும்னு காட்டு, அப்புறம் பார்க்கலாம்’ என்பதும் எவ்வளவு முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற கேள்விக்கான இரண்டு பதில்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை நச்சியலாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. சாப்பிடுகிற எல்லோருக்கும் உண்டு. ஆனால் நம்மிடம் வந்து சேர்வது வெறும் எண்தான்.

ஐரோப்பாவைப் பாராட்டவும் வேண்டும். கருத்து வேறுபாட்டை மூடி மறைக்காமல் ஆவணமாகவே வெளியிட்டார்கள். 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவுக்குத் தடையும் வந்தது. அந்தச் சட்டம் ஆபத்தான மற்ற பிஸ்ஃபீனால்களையும் கவனித்தது. அது முக்கியம். ‘பிபிஏ இல்லாதது’ என்று ஒட்டி விற்ற பல பொருட்களில் பிஸ்ஃபீனால் எஸ் என்ற நெருங்கிய உறவினர்தான் உட்கார்ந்திருந்தது.

நம் ஊரில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பாலிகார்பனேட்டில் செய்ததும் உண்டு. வெயிலில் சூடாகச் சூடாக பிபிஏ இறங்குவது கூடும். அந்த கேனை நிழலில் வைக்க எந்த எண் சரி என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது ‘அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கு’ என்று சொன்னால், எந்தக் கெடுதலை வைத்து அளந்தீங்க, எத்தனையால வகுத்தீங்க என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அந்த எண்ணை நம்பலாம். கேள்வியே தப்பு என்றால், கொஞ்சம் யோசிக்கணும்.