கணக்கெடுப்புத் தாளில் இல்லாத கேள்வி

"இன்னா நைனா, எங்கள எண்ணிகினு போறியே, நெலத்த எண்ணினியா?"

உத்திரமேரூர் வட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சேரியில், திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி என்னைக் கேட்ட கேள்வி இது. அப்போது என் கையில் ஒரு அட்டை, அட்டையில் செருகிய கேள்வித் தாள், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. நான் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பாடம். பத்து நாள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, அறிக்கை எழுதித் தர வேண்டும். என்னோடு வந்தவர்களுக்கு அது ஒரு கிராமம். எனக்கு அது எங்க அம்மாவின் உறவுக்காரங்க இருக்கிற சேரி. கேட்ட ஆயா எனக்கு முறைக்குப் பாட்டி.

என்னிடம் பதில் இல்லை. தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

கதை, கவிதையை மட்டும்தான் விமர்சனம் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? மேலாண்மைக் கல்லூரிகளின் மாணவர்கள் வருஷா வருஷம் நம்மைப் பற்றி எழுதுகிற அறிக்கைகளும் எழுத்துதான். அவையும் ஒரு பிரதிதான். மதிப்பெண் வாங்குகின்றன, பைண்டு செய்யப்பட்டு அலமாரிக்குப் போகின்றன. எழுதப்பட்டவர்கள் மட்டும் அதைப் படிப்பதில்லை. அப்படி ஓர் அறிக்கையை, ஆயா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே வாசிக்கிறேன். அதை எழுதிய ஐந்து பேரில் நானும் ஒருவன் என்பதால் இது சுயவிமர்சனமும் ஆகிறது.

முதலில் தாள். கழிப்பறை இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா, கைபேசி உண்டா, குடிப்பழக்கம் உண்டா. இப்படி 42 கேள்விகள். இவை வேண்டாத கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. கழிப்பறை இல்லாமல் இருட்டும் வரை காத்திருக்கிற பெண்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் 42 கேள்வியும் சேரிக்காரனிடம் என்ன இல்லை என்றே கேட்டன. அவனிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது, அது யார் கையில் இருக்கிறது என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்து அறிக்கையின் நடை. 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது', 'பயனாளிகள் கண்டறியப்பட்டனர்', 'மரக்கன்றுகள் நடப்பட்டன'. எல்லாம் செயப்பாட்டு வினை. யார் நட்டது, யார் நிலத்தில் நட்டது, நாங்கள் போன பிறகு யார் தண்ணீர் ஊற்றியது என்று வாக்கியத்தில் இடமே இல்லை. அப்புறம் இந்தப் 'பயனாளி' என்கிற சொல். ஊர் முழுக்கச் சாப்பிடுகிற நெல்லுக்கு நாற்று நட்டுக் களை பறித்துக் கதிர் அறுத்தவள் பயனாளியாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய் ஒப்பந்தக் கூலியாக உழைத்துவிட்டு வருகிற பிள்ளை பயனாளியாம். பத்து நாள் வந்து அவள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுப் போன நாங்கள் பயன் கொடுத்தவர்களாம். நாங்களாவது மோர் குடித்தோம். எங்கள் குழுவில் ஒருத்தர் 'வயிறு சரியில்லை' என்று கடைசி நாள் வரைக்கும் சேரியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதுவும் அறிக்கையில் இல்லை.

ஆயா கேட்டபின் அன்று ராத்திரியே நான் தாளில் மூன்று கேள்விகளைச் சேர்த்தேன். வீட்டு மனைப் பட்டா யார் பேரில் இருக்கிறது? நீங்கள் வேலை செய்கிற நிலம் யாருடையது? ஏரி மதகு திறப்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் சேரிக்காரர் யாராவது உண்டா? காலையில் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினேன். மூன்றையும் சிவப்பு மையால் அடித்தார். "இது மேனேஜ்மென்ட் இல்லப்பா, பாலிடிக்ஸ். ஊர்க்காரங்க சொல்லித்தான் நமக்கு ஸ்கூல்ல எடம் குடுத்திருக்காங்க. எதுக்கு வம்பு?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உதவித்தொகை வராமல் நான் தவித்தபோது கட்டணத்துக்குத் தவணை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அவர் சொன்னதைக் கவனியுங்கள். அனுமதி கொடுத்தது ஊர். கணக்கெடுக்கப்பட்டது சேரி. நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டதும் ஊர். நான் வாய் மூடிக்கொண்டு எழுதினேன். எங்கள் அறிக்கைக்கு 'ஏ' கிரேடு கிடைத்தது.

கடைசி நாள் எங்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டைக் காட்டினார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட குடவோலை விதிகள் அவை. முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுப்பது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். கணக்குக் காட்டாமல் போனவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. மேலாண்மை மாணவனுக்கு இது கரும்பு மாதிரி. 'நல்ல நிர்வாகம்', 'தணிக்கை', 'பொறுப்புடைமை' எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று வகுப்பில் சொல்லலாம். 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டை எடுத்துச் சொன்னார்.

ஆனால் அதே கல்லில் தகுதி என்ன என்றும் எழுதியிருக்கிறது. கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவனாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். கீழோரோடு சேர்ந்து பதிதர் ஆனவர்கள் பிராயச்சித்தம் செய்யும்வரை அவர்கள் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. இதை மக்களாட்சி என்று சொல்கிறவர்கள் அந்த 'மக்கள்' யார் என்று சொல்ல வேண்டாமா? ஏரிக்கு வாரியம் இருந்தது சரி, அந்த ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையில் இருந்தது?

ஒன்றை மட்டும் அந்தக் கல்லுக்குச் சாதகமாகச் சொல்வேன். அது எதையும் ஒளிக்கவில்லை. அதிகாரத்துக்கு முதல் தகுதி நிலம், அடுத்தது மனை என்று வெட்டவெளியில் பொறித்து வைத்திருக்கிறது. எங்கள் அறிக்கையோ அதே வட்டத்தில் பத்து நாள் இருந்துவிட்டு, நிலம், மனை, சாதி என்ற மூன்று சொற்களையும் தொடாமல் 80 பக்கம் எழுதியது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டைவிடப் பின்தங்கிய எழுத்து எங்களுடையது.

'மாணவன் எழுதுகிற அறிக்கையால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்கலாம். இதே மண்ணில் எழுதப்பட்ட இன்னொரு அறிக்கையைப் பார்ப்போம். உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1891இல் அந்த மாவட்டக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. டிரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார், ஆகவே மனையும் நிலமும் பள்ளியும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையின் வழியாகப் பஞ்சமி நிலம் பிறந்தது. சென்னை மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற நிலம் அது. ஒடுக்கப்பட்டவர் அல்லாத யாருக்கும் அதை விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

வெள்ளைக்கார கலெக்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. அவன் அரசுக்கு வரி முக்கியம். கொடுத்த நிலமும் பெரும்பாலும் நம் கையில் தங்கவில்லை. காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆனால் அவர்கள் கேட்பதற்கு ஒரு ஆதாரம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் 'மனை யாருடையது, நிலம் யாருடையது' என்று கேட்டு எழுதியதிலிருந்து வந்த ஆதாரம் அது. எங்கள் 80 பக்கத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரும் ஒரு சென்ட் நிலம்கூடக் கேட்க முடியாது.

இது எங்கள் கல்லூரியோடு முடிகிற விஷயமில்லை. பாலா பாலச்சந்திரன் 2004இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் மேலாண்மை நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமையில் இருக்கிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. அதன் மாணவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் வேலை செய்வது படிப்பின் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடுதான். அந்த மாணவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கு உறுத்துவது அதற்கு வைத்திருக்கிற பெயர்: 'கர்ம யோகா'. கீதையின் கர்மம், நால்வருணத்துக்குத் தத்துவ நியாயம் கற்பிக்க வந்தது என்று அம்பேத்கர் எழுதினார். பலனை எதிர்பார்க்காமல் வேலை செய் என்ற உபதேசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தவர்கள் சேரிக்காரர்கள்தான், வேறு வழியில்லாமல். அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு சேரிக்குச் சேவை செய்ய வருவது எங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று பெயர் வைக்கும்போது யாராவது யோசித்தார்களா?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அகமதாபாத் ஐஐஎம்மின் இயக்குநராக இருந்த ரவி மத்தாய் பதவியை விட்டபின், 1975இல் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குப் போனார். அங்கே ரெய்கர் தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் சேர்ந்து, வியாபாரிகளை நம்பாமல் அவர்களே பொருள் செய்து, அவர்களே விற்கிற சங்கத்தைக் கட்ட முயன்றார். 'உன்னிடம் என்ன இல்லை' என்று அங்கே கேட்கவில்லை, உன் கையிலிருக்கிற தொழிலின் லாபம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். அதுதான் மேலாண்மைக் கேள்வி. ஆனால் அதே ஐஐஎம், ஆய்வுப் பட்டப் படிப்பில் இட ஒதுக்கீடு 2025 சேர்க்கையிலிருந்துதான் என்று அறிவித்தது. தோல் தொழிலாளியிடம் போக 1975இல் முடிந்தது. அவர் பேரப்பிள்ளைக்கு ஆய்வாளர் நாற்காலியை ஒதுக்க ஐம்பது வருஷம் ஆனது. கிராமத்துக்குப் போவது சுலபம், கிராமத்தை உள்ளே விடுவதுதான் கஷ்டம்.

இப்போது கம்பெனிகளும் வந்துவிட்டன. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கு அறிக்கை எழுத ஆள் வேண்டும். எங்களைப் போன்ற மாணவர்கள் அந்த வேலைக்குத்தான் தயாராகிறோம். 'பயனாளி' என்ற சொல்லை இன்று கல்லூரியில் பழகுகிறவன் நாளை கம்பெனியில் அதையே எழுதுவான்.

அம்பேத்கரைச் சட்ட மேதை என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கே பேராசிரியர்களுக்கு வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அதே வருஷம் இந்தியாவின் சிறு நில உடைமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். தண்ணீர்ப் பானை மறுக்கப்பட்டவர் நிலத்தைப் பற்றி எழுதினார். வணிகம் படிக்கிற சேரிப் பிள்ளைக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

சேரியிலிருந்து எம்.பி.ஏ. படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களையும் ஒருநாள் அட்டையைக் கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். போங்கள். கழிப்பறையையும் எண்ணுங்கள். கூடவே கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் பாருங்கள். பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் பயிர் வைக்கிறார் என்று 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தால், அடித்த பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள். கல்லூரி வாங்கிக்கொள்ளாத பக்கங்களை நம் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள்.

போன தை மாசம் எங்கள் அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு அந்த ஆயா வீட்டுக்குப் போனேன். சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதிகீற. அந்தக் கெணத்து மேட்டு நெலம் எங்க மாமியா பேர்ல இருந்துதே, அத்த எழுதினியா?" என்றது.

நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை ஆயா சொல்லச் சொல்ல எழுதினேன்.