கம்பியில் குத்திய கடுதாசி

பழைய வீட்டு விட்டத்தில் கடுதாசிக் கம்பி தொங்கினால், தாளை மட்டும் உருவிவிடாதீர்கள். வந்த வரிசையில் குத்தியவை அவை. அடியில் இருப்பது மூத்தது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக் கம்பியில் தறிக்கு நூல் வாங்கிய பில், கல்யாணப் பத்திரிகை, வரி ரசீது என்று எல்லாவற்றுக்கும் இடையிடையே பெரியப்பாவின் கடுதாசிகள் இருந்தன. 1971 கடைசியிலும் 1972 தொடக்கத்திலும் பட்டாளத்திலிருந்து எழுதியவை. ஆர்வக்கோளாறில் அவற்றை மட்டும் உருவிக் கட்டி வைத்தேன். இரண்டு கடுதாசிக்கு நடுவே எந்த பில் இருந்தது, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்பது அதோடு போயிற்று.

படிக்கும் முன் முத்திரையைப் பாருங்கள். வங்காளப் பக்கம் இருந்தவர்களுக்கு முகவரி 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்), மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்கு 56 ஏ.பி.ஓ. களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரையில் ஒரு எண்ணும் தேதியும்தான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. பக்கத்திலேயே நம் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை, ஊர்ப் பெயரோடு விழுந்திருக்கும். இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தால், வீடு எத்தனை ராத்திரி ஒன்றும் தெரியாமல் தூங்கியது என்பது வரும். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் டிசம்பர் 3 முதல் 16 வரை, பதின்மூன்றே நாள். ஆகவே சண்டைக்கு நடுவே எழுதியது சண்டை முடிந்த பிறகு வந்து சேரும். எங்களிடம் அப்படி ஒன்று உண்டு. பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த செய்தியை ரேடியோவில் கேட்ட பிறகு வந்தது. எழுதிய அன்று இருந்தான் என்பதற்குத்தான் அது சாட்சி, இன்றைக்கு இருக்கிறான் என்பதற்கு இல்லை. பாட்டி அதை நாலு தரம் படிக்கச் சொன்னாராம்.

மேல்விலாசத்தில் பின்கோடு இருக்காது. அது 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. 'சேலம் ஜில்லா' போதுமாயிருந்தது. வீட்டிலிருந்து போன பதில் எதுவும் திரும்பி வந்திருந்தால், அதில் 'அகதிகள் நிவாரணம்' என்று 5 பைசா ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வங்காளத்து அகதிகளுக்காக நாடு முழுக்க வசூலித்த காசு. எல்லைக்குப் போகாதவர்கள் நாக்கிலும் அந்தப் போரின் பசை பட்டிருக்கிறது.

இனி உள்ளே. துப்பாக்கி, டாங்கி என்று தேடினால் ஏமாற்றம்தான். எந்த ஊர், எத்தனை பேர் என்றெல்லாம் எழுதக்கூடாது. இது பழைய கட்டுப்பாடு. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் தபாலைப் பிரித்துப் படிக்கவே ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. அந்த அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவ, சிப்பாய்கள் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் செம்மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து எடுத்து வைத்த பகுதிகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வீடு வந்து சேர்ந்த மூலங்களில் பெரும்பாலானவற்றைக் கரையானும் அடுப்பும் தின்றுவிட்டன.

பெரியப்பா மிளகு கிளகு எதுவும் எழுதவில்லை. உச்சியில் பிள்ளையார் சுழி, நலம் நலமறிய ஆவல், பிறகு கேள்விகள்: குச்சிக்கிழங்கு பிடுங்கியாச்சா, சேகோ மில்லில் என்ன விலை போகிறது, செவலை கன்று போட்டதா. இதை வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் தாண்டினேன். ரசிக்க வேண்டியது வினைச்சொல்லை என்று பிற்பாடுதான் பிடிபட்டது. நவம்பர்க் கடுதாசியில் கூரை மாற்றும் பேச்சு வருகிற இடத்தில் 'நான் வந்தால்' என்று இருக்கிறது. டிசம்பர் கடைசியில் எழுதியதில் அதே கூரை, 'நான் வந்ததும்'. வெற்றி என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

ஆனால் போர் முடிந்ததும் ஆள் வந்துவிடவில்லை. சுமார் 93,000 பேர் சரணடைந்திருந்தார்கள். அவர்களைக் காவலோடு முகாம்களுக்குக் கொண்டுபோக வேண்டும். நம் படை வங்கதேசத்தை விட்டு முழுதாகக் கிளம்ப 1972 மார்ச் ஆயிற்று. ஆகவே ஜனவரிக் கடுதாசிகளில் ஒரு சிடுசிடுப்பு தெரியும். பொங்கலும் போச்சு என்கிறார். லீவைப் பட்டாளத்து இந்தியில் 'சுட்டி' என்கிறார், சமையல்கட்டு 'லங்கர்' ஆகிவிட்டது. அந்த லங்கர்ச் சாப்பாட்டின் மேல் வெறுப்பு வந்து, நம்மூர் கைமுறுக்கு அனுப்பு, துணியில் கட்டாதே, தகர டப்பாவில் போடு, இல்லாவிட்டால் மாவாகத்தான் வரும் என்று மூன்று வரி. சண்டை நடந்தபோது எழுதியதை விட இவைதான் எனக்கு உசத்தி. சாவு பயம் போன பிறகுதான் மனுஷனுக்குக் கோபப்பட நேரம் கிடைக்கிறது.

கடைசியாகக் கையெழுத்துக்கு மேலே உள்ள வரி. எல்லாவற்றிலும் 'மற்றவை பின்'. மார்ச்சில் வந்ததில் நாலே வரி. கிழங்கு, கன்று, கூரை ஒன்றையும் கேட்கவில்லை. முடிக்கிற இடத்தில் 'மற்றவை நேரில்'.

அதற்கு அடுத்து கம்பியில் என்ன குத்தியிருந்தார்களோ. கூரைக்கு ஓடு வாங்கிய ரசீதாகக்கூட இருந்திருக்கலாம்.