பெயரும் பேரனும்: 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' தொடரை ரசிப்பது எப்படி?

கிராமத்துப் பையன் ஒருவன் தன் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறான். அவன் காப்பாற்றிய ஊர்கள், வீழ்த்திய எதிரிகள், உலகம் அவனுக்குக் காட்டிய நன்றி என எல்லாம் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றையும் அவன் இன்னும் செய்திருக்கவில்லை. ஸ்மால்வில் என்ற சிற்றூரில் வளர்ந்த கிளார்க் கென்ட் அவன். லீஜன் என்ற இளம் நாயகர்களின் அணி அவனை ஆயிரம் ஆண்டுகள் கடந்து, 31-ஆம் நூற்றாண்டுக்கு அழைத்து வந்திருக்கிறது. சூப்பர்மேன் என்ற பெயரை ஊரே அறிந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவன்தான் இன்னும் தயாராகவில்லை.

2006 செப்டம்பர் 23-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' இப்படித்தான் தொடங்கியது. 2008 ஏப்ரலில் முடிந்தது. இரண்டு சீசன்கள், சீசனுக்கு 13 பகுதிகள், மொத்தம் 26. பகுதிக்கு 22 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்துக்குள் முழுத் தொடரையும் பார்த்துவிடலாம். சிறுவர்களுக்கான சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்தானே என்று பெரியவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களையும் உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கூட்டத்தைக் கண்டு மலைக்காதீர்கள்

புதிதாகப் பார்ப்பவர்களை முதலில் திணறடிப்பது ஆள் எண்ணிக்கை. ஒரே காட்சியில் ஏழெட்டுப் பேர் பறப்பார்கள். எல்லோரையும் முதல் நாளிலேயே மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் என்ன செய்வோம்? ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் வழியாக மற்றவர்களைத் தெரிந்துகொள்வோம். இங்கும் அதுதான் வழி.

ஓவியர்களும் உங்களுக்கு உதவியிருக்கிறார்கள். பந்துபோல உப்பித் துள்ளுகிறவன் பவுன்சிங் பாய். கையிலிருந்து மின்னல் பாய்ச்சுகிறவன் லைட்னிங் லாட். சனிக்கோளின் நிலாவான டைட்டனிலிருந்து வந்து, பிறர் மனத்தைப் படிக்கிறவள் சாட்டர்ன் கேர்ள். சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறவள் ஃபேன்டம் கேர்ள். ஒருத்தியே மூவராகப் பிரிகிறவள் டிரிப்ளிகேட் கேர்ள். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும், உருவத்தின் வெளிக்கோட்டை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம். இரண்டு பகுதிகள் தாண்டியதும் அப்படி ஒரு முறை பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைக் காதில் வாங்குங்கள்

பெயர்களெல்லாம் பாய், கேர்ள், லாட் என்றே முடிவதைக் கவனித்தீர்களா? 1958-இல் தொடங்கிய பழக்கம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் மாத 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில்தான் இந்தக் கூட்டம் முதன்முதலாகத் தோன்றியது. எழுதியவர் ஆட்டோ பைண்டர், வரைந்தவர் அல் பிளாஸ்டினோ. எதிர்காலத்திலிருந்து மூன்று பேர் வந்து, சிறுவனாக இருக்கும் சூப்பர்மேனைத் தங்கள் மன்றத்தில் சேரச் சொல்கிறார்கள். போட்டிகள் வைக்கிறார்கள். நடுவே யாருக்கோ ஆபத்து என்று உதவ ஓடுவதால் அவன் வரிசையாகத் தோற்கிறான். கேலியையும் பொறுத்துக்கொள்கிறான். அந்தக் கேலிதான் உண்மையான சோதனை என்று பிறகுதான் தெரிகிறது.

உள்ளே வரத் தகுதி எது என்ற இந்தக் கேள்வி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து வந்த கார்ட்டூனிலும் அப்படியே இருக்கிறது. அதற்காக முதல் சீசனில் 'தி சப்ஸ்டிட்யூட்ஸ்' பகுதியைத் தவறவிடாதீர்கள். லீஜனில் சேர ஆட்தேர்வு நடக்கிறது. தன்னைக் கல்லாக்கிக்கொள்ளத் தெரிந்தவன் ஒருவன்; கல்லானால் அவனால் நகர முடியாது. பொருள்களின் நிறத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவன் ஒருவன். செடி வளர்ப்பவன் ஒருவன். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த விலக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடித் தாங்களே ஓர் அணி அமைக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்குவீர்கள். வேலைக்கான நேர்காணலிலோ பள்ளி விளையாட்டு அணித் தேர்விலோ ஒரு நாளாவது ஒதுக்கப்பட்டவர்களுக்கு, முடிவில் கண் கலங்கும்.

இரண்டு பேரைப் பின்தொடருங்கள்

தொடரின் உயிர் இரண்டு இளைஞர்களிடம் இருக்கிறது. ஒருவன் சூப்பர்மேன். மற்றவன் அவனைத் தெய்வமாக எண்ணும் பச்சை நிற இயந்திர மனிதன், பிரெய்னியாக் 5.

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பிரெய்னியாக் 5 முழுப் பொருளிலும் ஒரு பெயரன். அவனுடைய முன்னோனான முதல் பிரெய்னியாக், சூப்பர்மேனின் மிகக் கொடிய எதிரிகளில் ஒருவன். காண்டோர் என்ற நகரத்தையே சுருக்கிக் குடுவையில் அடைத்து வைத்தவன். அதே பெயரோடு, வம்சத்தின் ஐந்தாவது எண்ணையும் சுமந்துகொண்டு, இந்தப் பிள்ளை சூப்பர்மேனின் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

காமிக்ஸ் வரலாறும் இதற்குச் சுவை கூட்டுகிறது. லீஜனைப் படைத்த பைண்டரும் பிளாஸ்டினோவும்தான், அதே 1958-இல், மூன்றே மாதம் கழித்து முதல் பிரெய்னியாக்கையும் படைத்தார்கள். 1961-இல் பிரெய்னியாக் 5-ஐ எழுதி அறிமுகம் செய்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். எதிரியின் வம்சத்திலிருந்து நண்பனைக் கொண்டு வந்தவர், நாயகனைப் பெற்றவரே.

கார்ட்டூன் இந்த இருவரையும் எதிரெதிர்க் கண்ணாடிகளாக வைக்கிறது. ஒருவன் எதிர்காலத்தில் தான் எடுக்கப்போகும் நல்ல பெயரைக் கண்டு நடுங்குகிறான். மற்றவன் கடந்த காலத்தில் தன் வம்சம் எடுத்த கெட்ட பெயரைக் கண்டு நடுங்குகிறான். ஒவ்வொரு பகுதியிலும் சண்டை ஓய்ந்த பிறகு வரும் சிறு பேச்சுகளைக் கேளுங்கள். பிரெய்னியாக் 5 சூப்பர்மேனைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். தொடரின் கடைசி இரு பகுதிகளான 'டார்க் விக்டரி' அங்கிருந்துதான் எழுகிறது. அதில் நடப்பதை நான் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் சீசனில் காதைத் தீட்டுங்கள்

முதல் சீசனின் முடிவு 'சன்டவுன்' என்ற இரு பகுதிக் கதை. அதில் இரும்பாக மாறும் ஃபெர்ரோ லாட் என்ற இளைஞன் வருகிறான். சூரியனை விழுங்க வரும் சன் ஈட்டருக்குள் பறந்து போய்த் தன் உயிரைக் கொடுக்கிறான். சிறுவர் தொடரில் இப்படி ஒரு மரணமா என்று தோன்றும். இதன் மூலக்கதை 1967-இல் காமிக்ஸில் வந்தது. எழுதியவர் ஜிம் ஷூட்டர். குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் 13 வயதில் கதை எழுதி அனுப்பி, 14 வயதில் லீஜன் எழுத்தாளராக அச்சில் வந்தவர். இளைஞர்களின் கதையை ஒரு பள்ளிப் பையன் எழுதியிருக்கிறான். சாவைப் பூசி மெழுகாத அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

இரண்டாம் சீசன் இன்னும் இருண்டது. டிரிப்ளிகேட் கேர்ள் தன் மூவரில் ஒருத்தியை இழந்து இருவராகிறாள். பெயரும் டியோ டாம்சல் என்று மாறிவிடுகிறது. 41-ஆம் நூற்றாண்டிலிருந்து சூப்பர்மேன் எக்ஸ் என்ற நகலுருவம் வருகிறான். இம்பீரியெக்ஸ் என்ற கொடியவனை அழிக்கவே உருவாக்கப்பட்டவன். கொல்லவும் தயங்காதவன். சூப்பர்மேனோ கொல்ல மாட்டேன் என்கிறவன். முடிந்தால் ஆங்கில ஒலியோடு பாருங்கள். இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, யூரி லோவென்தால். ஒரே தொண்டையிலிருந்து பொறுமையும் சினமும் தனித்தனி ஆள்களாக வெளிவருவதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதல் பகுதியான 'மேன் ஆஃப் டுமாரோ'விலிருந்து வரிசையாகப் பார்ப்பதே நல்லது. அவகாசம் இல்லாதவர்கள் அதோடு 'தி சப்ஸ்டிட்யூட்ஸ்', 'செயின் ஆஃப் கமாண்ட்', 'சன்டவுன்' மூன்றையும் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனுக்குப் போகலாம். 'செயின் ஆஃப் கமாண்ட்' தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கதை. பெரிய ஆற்றல்காரர்கள் முட்டிக்கொண்டு நிற்க, தலைமை கடைசியில் பவுன்சிங் பாயிடம் வந்து சேர்கிறது. காமிக்ஸ் காலத்தில் வாசகர்களே கடிதம் வழியாக வாக்களித்து லீஜனின் தலைவரைத் தேர்ந்தெடுத்த மரபும் உண்டு. வீட்டில் பிள்ளைகளோடு பார்த்தால், அந்தப் பகுதிக்கு முன் ஒரு சீட்டுத் தேர்தல் நடத்திப் பாருங்கள். யார் யாருக்கு வாக்களித்தார்கள், ஏன் என்று பேசத் தொடங்கினால் இரவுச் சாப்பாடு வரை போகும்.

26-ஐயும் முடித்த மறுநாள், முதல் பகுதியை மறுபடி போடுங்கள். அன்று கிளார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இம்முறை அவன் பக்கத்தில் நிற்கும் பச்சைப் பையனைப் பாருங்கள். தன் பெயரை இனி எப்படிச் சுமக்கப்போகிறான் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.