இருபது வருஷம் திறக்காதே!

மாடர்ன் ஆர்ட் என்றாலே நம் பத்திரிகைகளுக்கு ஒரே ஒரு ஜோக்தான். கண்காட்சியில் படத்தைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். பார்க்க வந்தவருக்குத் தெரியாது, மாட்டியவருக்குத் தெரியாது, கடைசியில் பார்த்தால் வரைந்தவருக்கும் தெரியாது. தாடியின் நீளம் மாறுமே தவிர ஜோக் மாறாது. நானும் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறேன். அது ஒருத்தர் வாழ்க்கையில் ஏறக்குறைய நிஜமாகவே நடந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் பெயர் வாசிலி காண்டின்ஸ்கி. மாஸ்கோவில் சட்டமும் பொருளாதாரமும் படித்தவர். 1896-ல், முப்பது வயதில், தேடி வந்த பல்கலைக்கழக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படம் கற்றுக்கொள்ள மூனிக் போய்விட்டார். (பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு ஓடி வந்தவனுக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு.) ஒரு நாள் அந்தி நேரம். வெளியே போய்விட்டு ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறார். சுவரோரமாக அற்புதமான ஒரு படம். என்ன உருவம் என்றே பிடிபடவில்லை, வெறும் வடிவமும் வண்ணமும்தான், ஆனால் ஜொலிக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால், அவரே வரைந்த படம். பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது! படத்துக்குள் மரம், வீடு, ஆள் எல்லாம் இருப்பதுதான் படத்தைக் கெடுக்கிறது என்று தனக்கு அன்றைக்குப் புரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஓவியப் புத்தகங்கள் எல்லாம் முதல் அத்தியாயமாக வைத்தன. உருவமே இல்லாத ஓவியத்தை, அரூப ஓவியத்தை, உலகத்துக்குக் கொடுத்தவர் காண்டின்ஸ்கி. அவருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. 1935-ல் நியூயார்க்கில் இருந்த தன் ஏஜென்டுக்குக் கடிதம் எழுதி, 1911-ல் தான் வரைந்த ஒரு படம்தான் உலகின் முதல் அரூப ஓவியம், அன்றைக்கு வேறு எவரும் அப்படி வரையவில்லை என்று பதிவு பண்ணச் சொல்கிறார். பிரச்னை என்னவென்றால், அவர் 1910 என்று தேதி போட்ட ஒரு வாட்டர்கலர் இருக்கிறது. அது 1913 வாக்கில் வரைந்ததாகத்தான் இருக்கும், தேதியைப் பிற்பாடு எழுதியிருக்கிறார் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

டிகிரி முடித்ததும் ஒரு வருஷம் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வவுச்சர் சரிபார்த்தேன். மார்ச் முப்பத்தொன்று நெருங்கும்போது, ஒரே மையில், ஒரே அவசரத்தில் எழுதிய பத்து மாத வவுச்சர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காண்டின்ஸ்கி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனுஷன்தானே என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் அந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தில், ஸ்வீடனில் ஒரு அம்மணி, அதற்கும் நாலைந்து வருஷம் முந்தைய தேதியிட்ட படங்களை வைத்துக்கொண்டு, 'நான் செத்து இருபது வருஷம் ஆகும்வரை யாருக்கும் காட்டாதே' என்று ஏற்பாடு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

ஹில்மா ஆஃப் க்ளிண்ட். 1862-ல் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. ஸ்டாக்ஹோமில் ராயல் அகாடமியில் சேர்ந்து, 1887-ல் பேர் சொல்லும்படி தேறினார். அகாடமியே நகரத்தின் நடுவில் ஒரு ஸ்டூடியோவில் இடம் கொடுத்தது. அங்கே உட்கார்ந்து நிலக்காட்சி, மனித முகம், பூ, செடி என்று வரைந்து விற்றுச் சம்பாதித்தார். கொஞ்ச காலம் கால்நடை மருத்துவ நிலையத்துக்காகவும் படம் போட்டார். அதாவது ஒரு எலும்பை எலும்பாகவும் ஒரு இதழை இதழாகவும் வரையத் தெரிந்த கை. 'வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கிறுக்குவார்கள்' என்பவர்கள் அவருடைய செடிகொடிப் படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவும்.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. 1880-ல் பத்து வயதுத் தங்கை இறந்துபோனாள். ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் அவர் ஆர்வம் அதையொட்டி ஆழமானது என்கிறார்கள். 1896-லிருந்து நான்கு சிநேகிதிகளோடு வாராவாரம் கூடினார். 'ஐவர்' என்று பெயர். பிரார்த்தனை, தியானம், பிறகு பென்சிலைக் காகிதத்தில் வைத்தால் அது தானாக ஓடும். மேலுலகிலிருந்து குருமார்கள் பேசினார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். அந்தக் குருமார்களின் பெயர்களில் அமாலியேல், கிரிகோர் இவர்களோடு ஆனந்தா என்றும் ஒருவர்! ஸ்டாக்ஹோமில் ஆனந்தா எப்படி என்று கேட்டால், பதில் நம் அடையாறில் இருக்கிறது.

தியாசபிக்கல் சொசைட்டி. 1882-லிருந்து அதற்குத் தலைமையகம் அடையாறுதான். ஆலமரம் பார்க்கப் போனபோது நீங்களும் அந்த வாசல் வழியாக நுழைந்திருப்பீர்கள். ஹில்மா அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து மனித எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு என்று ஒரு புத்தகம் போட்டார்கள். கோபம் இன்ன நிறம், பக்தி இன்ன வடிவம் என்று கலர் பிளேட்டுகளோடு. அதன் ஜெர்மன் பதிப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்தது. எனக்கு இதில்தான் ஆச்சரியம். அரூப ஓவியத்துக்குப் போட்டி போடும் இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றுக்கு ஒரு வாளி நம்மூரிலும் இருந்தது. 1909-ல் அடையாறு கடற்கரையில் ஜே.கிருஷ்ணமூர்த்தி என்ற பையனைக் கண்டெடுத்து 'உலக குரு' என்று அறிவிக்கப்போக, அதை ஏற்காமல் ருடால்ஃப் ஸ்டைனர் ஜெர்மன்காரர்களைப் பிரித்துக்கொண்டு தனிக்கட்சி கண்டார். ஹில்மா பிற்பாடு ஸ்டைனர் பக்கம் போனார்.

சரி, படங்களுக்கு வருவோம். 1906-ன் தொடக்கத்தில் அமாலியேல் என்ற குரு ஒரு வேலை கொடுக்கிறார். ஒரு கோயிலுக்காகப் படங்கள் வரைய வேண்டும். மற்றவர்கள் தயங்கினார்கள். ஹில்மா உடனே சரி என்றார். அந்த நவம்பரில் தூரிகையை எடுத்தவர், 1915 வரை 193 படங்கள் முடித்தார். நடுவில் 1908-லிருந்து நாலு வருஷம் இந்த வேலை நின்றுபோனது. அம்மாவுக்குக் கண் தெரியாமல் போக, இவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். காண்டின்ஸ்கியின் சரித்திரத்தில் இப்படி ஒரு நாலு வருஷம் கிடையாது. ஆண்களின் சரித்திரத்தில் பொதுவாகவே இருப்பதில்லை.

இந்த 193-ல் எனக்கு முக்கியமாகப் படுவது 1907-ன் கடைசி மாதங்களில் வரைந்த 'மிகப் பெரிய பத்து'. மனித வாழ்க்கையின் நான்கு பருவங்கள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். காகிதத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் நடந்து, டெம்பராவில் வரைந்து, பிறகு கான்வாஸில் ஒட்டியிருக்கிறார். நாற்பத்தைந்து வயது, உயரம் குறைந்த பெண்மணி. குழந்தைப் பருவத்துக்கு ஆழ்ந்த நீலம். அதில் பூமாலை மாதிரியும் முட்டை மாதிரியும் வடிவங்கள் மிதக்கின்றன. இளமை, ஆரஞ்சு. சுருள்கள் சுழன்று சுழன்று ஒன்றையொன்று துரத்துகின்றன. எதற்கு இவ்வளவு குஷி என்று அவற்றுக்கே தெரியாது, இளமை அப்படித்தானே! பிறகு நடுவயது, பத்தில் நாலு படம் அதற்கு. அதில் ஏழாம் நம்பரைத்தான் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். இளம் ஊதாப் பின்னணியில் ஒரு பெரிய மஞ்சள் வடிவம். பூவா, மணியா, கருவா? எதுவென்று முடிவு செய்யும் முன் கண் வேறிடத்துக்குப் போய்விடுகிறது. முதுமையில் வண்ணமெல்லாம் வெளிறி, கட்டம் போட்ட ஒழுங்கு வந்துவிடுகிறது. இதை 1907-ல் வரைந்திருக்கிறார் என்று யாராவது சொல்லாவிட்டால், அறுபதுகளின் பாட்டு ரிக்கார்டு உறை என்றே நினைப்பீர்கள்.

'அன்னம்' வரிசையும் (1914-15) அப்படித்தான். முதல் படத்தில் நிஜமான இரண்டு அன்னங்கள். மேலே கறுப்பில் வெள்ளை அன்னம், கீழே வெள்ளையில் கறுப்பு அன்னம், நடுக்கோட்டில் அலகு உரசுகின்றன. படம் படமாக அவை உருமாறி, உடைந்து, ஒரு கட்டத்தில் சிவப்பு வெளியில் ஒரு வட்டமாக நிற்கின்றன. உருவம் அரூபமாவதை ஸ்லோமோஷனில் பார்க்கலாம். 1915-ன் மூன்று பெரிய 'பீடப் படங்கள்' இந்த வேலையின் முடிவு. கறுப்புப் பின்னணியில் வானவில் நிறப் படிக்கட்டாக ஒரு முக்கோணம் ஏறிப் போய்த் தங்கச் சூரியனைத் தொடுகிறது.

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். சில படங்கள் பள்ளிக்கூட சார்ட் மாதிரி இருக்கின்றன. நீலம் பெண், மஞ்சள் ஆண், 'யு' எழுத்து ஆவி, 'டபிள்யூ' எழுத்து ஜடம் என்று அவருடைய நோட்டிலிருந்து சாவி எடுத்துத் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்த பிறகு உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை என்றும் சில சமயம் படுகிறது. சாவி இல்லாமலே திறந்து கிடப்பவைதான் நல்ல படங்கள். ஏழாம் நம்பருக்கு எந்த நோட்டும் வேண்டாம்.

இதற்குள்தான் வழக்கே இருக்கிறது. ஹில்மாவை அரூப ஓவியர் என்று சொல்லவே கூடாது என்கிறார்கள் ஒரு சாரார். அவர் உருவத்தைத் துறக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத உலகத்தைப் பார்த்தபடி வரைந்ததாகத்தான் நம்பினார். காண்டின்ஸ்கியோ தெரிந்தே, திட்டமிட்டு, புத்தகம் எழுதி, உருவத்தை விட்டார் என்று வாதம். நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் 2012-ல் அரூப ஓவியத்தின் பிறப்பைப் பற்றிப் பிரமாண்டமாகக் கண்காட்சி வைத்தது. அதில் ஹில்மாவின் ஒரு படம்கூட இல்லை. எனக்கு இந்த வாதம் பாதிதான் ஒப்புதல். காண்டின்ஸ்கியின் அந்தப் பிரபலமான புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஆன்மிகம்' இருக்கிறது. ஆண் சொன்னால் தத்துவம், பெண் சொன்னால் ஆவி பிடித்தது என்று இரண்டு கணக்குப் புத்தகம் எழுதக் கூடாது.

அதற்காக, 'முதல்வர்' பட்டத்தைப் பிடுங்கி இவருக்குக் கொடு என்றும் நான் சொல்லவில்லை. பட்டம் கேட்கவே கேட்காதவர் அவர். 1914-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் பால்டிக் நாடுகளின் பெரிய கண்காட்சி. காண்டின்ஸ்கியின் படங்களும் அங்கே தொங்கின. ஹில்மாவும் கலந்துகொண்டார். என்ன வைத்தார் தெரியுமா? அகாடமி பாணியில், பார்த்தால் பார்த்தபடி ஒரு சாதாரணப் படம்! மற்றவை வீட்டில் இருந்தன. சமீப வருஷங்களில் இன்னொரு சிக்கல் கிளம்பியிருக்கிறது. அந்தக் கோயில் படங்களில் சிலவற்றில் சிநேகிதி அன்னா காசெல் போன்றவர்களின் கையும் உண்டு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அப்படியானால் ஐவருக்கும் பங்கு பிரிக்க வேண்டும். லெட்ஜர் மறுபடி திறக்கிறது.

அவர் ஏன் இத்தனை வருஷம் தெரியாமல் போனார் என்பதற்கு ஆணாதிக்கம், ஆவி, தூரத்து தேசம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாம் சரி. பி.காம்.காரனாக நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவருடைய படங்களுக்கு விலை இல்லை. ஓவியச் சரித்திரத்தின் பெரும்பகுதியை டீலர்களும் ஏலக்காரர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். விற்றால்தான் கேட்டலாக், கேட்டலாக் இருந்தால்தான் கட்டுரை, கட்டுரை இருந்தால்தான் மியூசியம். காண்டின்ஸ்கியின் ஒரு படம் 2023-ல் லண்டன் ஏலத்தில் 3 கோடியே 70 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஹில்மாவின் கோயில் படங்களை விற்கவே கூடாது என்று 1972-ல் தொடங்கிய அவர் பெயரிலான அறக்கட்டளையின் விதி சொல்கிறது. கமிஷன் வராத சரக்கைப் பற்றி எந்தத் தரகர் பேசுவார்?

1944-ல் ஒரு டிராம் விபத்தில் அடிபட்டு, 82 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது ஹில்மா இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் காண்டின்ஸ்கியும் போனார். ஆயிரத்து இருநூறுக்கு மேல் படங்கள், நூற்றுக்கு மேல் நோட்டுகள், மொத்தம் 26,000 பக்கம். அத்தனையும் அண்ணன் மகன் எரிக் வீட்டுக்கு வந்தன. அவரும் கடற்படைக்காரர், கலை பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் சித்தம் போக்கில் தூக்கிப்போடாமல் காப்பாற்றினார். கெடு முடிந்து பெட்டிகளைத் திறந்து, 1970-ல் ஸ்டாக்ஹோமின் மாடர்ன் மியூசியத்துக்கு இலவசமாகவே தருகிறோம் என்றபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே மியூசியம் 2013-ல் அவரை அரூப ஓவிய முன்னோடி என்று கொண்டாடிப் பெரிய கண்காட்சி வைத்தது. 1986-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கண்காட்சிதான் அவரை முதலில் வெளியுலகுக்குச் சரியாகக் காட்டியது.

2018-ல் நியூயார்க் குகன்ஹைம். அது காண்டின்ஸ்கியை வாங்கி வாங்கியே வளர்ந்த மியூசியம், அவர் படங்கள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஹில்மாவைப் பார்க்க ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதுவரை அந்த மியூசியத்தில் எந்தக் கண்காட்சிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அந்தக் கட்டடம் உள்ளே சுருள் சுருளாக மேலே ஏறும். ஹில்மா தன் நோட்டில் வரைந்து வைத்த கோயிலும் ஒரு தீவில், சுருளாக ஏறும் கட்டடம்தான்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அறக்கட்டளை நிர்வாகத்தில் இருக்கும் குடும்பத்தவர் ஒருவர், இவை மியூசியத்தில் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வரைந்தவை அல்ல, ஆன்மிகத் தேடல் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று கிளம்ப, 2025-ல் அது உலகச் செய்தியானது. அபத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், கோயிலுக்கு என்று சொல்லித்தானே அந்த அம்மணி வரைந்தார்? பெட்டியை மறுபடி மூடச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் கேட்ட கோயிலை யாரும் கட்டித் தரவில்லை என்பதும் உண்மைதான்.

நான் அவர் படங்களைப் புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும்தான் பார்த்திருக்கிறேன். அளவு புரியட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஸ்டூல் போட்டு டேப் பிடித்தேன். எங்கள் ஃப்ளாட்டின் கூரை பத்தடி. ஏழாம் நம்பர் உள்ளே வர, இன்னும் அரை அடி வேண்டும்.