அகாஸ் கடித்தால் கொசு என்று எழுதலாமா?

சிறுகதையோ மொழிபெயர்ப்போ, கடிக்கிற எந்தப் பூச்சி வந்தாலும் நம் எழுத்தில் அது 'கொசு' ஆகிவிடுகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

ஜப்பானிய மொழியைப் பாருங்கள். கொசு என்றால் 'கா'. ஓடைப்பக்கம் தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கும் கருப்பு ஈ, அறிவியல் நூலில் 'புயு'. தோக்கியோ பக்கப் பேச்சில் 'புயோ', ஒசாகா பக்கம் 'புதோ'. அதைவிடப் பொடிசு 'நுகாகா'. நுகா என்றால் தவிடு. தவிட்டுக்கொசு! எல்லாவற்றையும் கொசு என்று பெயர்த்தால் ஓடையும் போச்சு, ஒசாகாவும் போச்சு.

நம்மிடம் சொல் இல்லாமலா? பழைய அகராதிகளில் நுளம்பு சிறு ஈக்கும் பெயர், கொசுவுக்கும் பெயர். யாழ்ப்பாணத்தில் அதுதான் கொசு. ஆனால் நுளம்புக்கு அடிக்குறிப்பு கேட்கிறவர்கள் கொசுவுக்குக் கேட்பதில்லை. யாருடைய தமிழ் 'பொது' என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதற்காக ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுவிடவும் முடியாது. 'கொசுவத்தி சுத்துறான்' என்ற கிண்டலை நுளம்புச்சுருளாக்கிப் பாருங்கள், ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள்.

பாசிர் கூடாங்கில், ஜொகூர் நீரிணையோரச் சதுப்புக்காட்டுப் பக்கம், சாயங்காலம் கடிப்பதில் அகாஸும் உண்டு. மலாய்ச் சொல்தான். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும். ஈரச் சேற்றில் வளர்வது. பூச்சாடித் தண்ணீரைக் கொட்டினால் ஏடிஸ் குறையும், அகாஸுக்கு ஒன்றும் ஆகாது. கதையில் ஒருவன் வலைக்குள் படுத்துக்கொண்டு சொறிகிறான். 'கொசு' என்று எழுதினால், வலை கிழிந்திருக்கிறது போல என்று வாசகர் நினைத்துக்கொள்வார். அவன் எந்த ஊர்க்காரன் என்பதும் தெரியாமல் போய்விடும்.

கொசுவுக்குள்ளேயே கூட எல்லாம் ஒன்றல்ல. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவோடு போராடிய டாக்டர் மால்கம் வாட்சன் கண்டது இது: கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் போட்டதும் நோய் குறைந்தது, மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் கூடியது. நிழலில் பெருகும் கொசு வேறு, வெயில்பட்ட ஓடையில் பெருகும் கொசு வேறு. அந்தத் தோட்டங்களில் காய்ச்சலில் செத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

மலாய்ச் சொல் கலப்படமில்லையா என்பார்கள். சரி, 'தவிட்டுக்கொசு' என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாசாயில் கடைக்குப் போய், தவிட்டுக்கொசு கடித்துவிட்டது என்று மருந்து கேட்டால், கடைக்கார அண்ணன் கொசுவத்திதான் எடுத்துக் கொடுப்பார்.