ஒரு சினிமாக் கொட்டகையும் ஒரு காவற்காரனும்

பிரெஞ்சு விஞ்ஞானி பிரான்ஸ்வா ஜாகோபின் சுயசரிதை 1987-ல் வெளிவந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். நான் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தது இரண்டே வருஷந்தான். ஒரு நாவலாசிரியன் என்ற முறையில்தான் அபிப்பிராயம் சொல்ல முடியும்.

1944-ல் நார்மண்டியில் குண்டுவீச்சில் படுகாயமுற்று, சர்ஜனாகும் ஆசையை விட்டவர் ஜாகோப். ஆராய்ச்சிக்குப் பிறகுதான் வந்தார். நூலின் உச்சக்கட்டம் 1958 ஜூலையில் பாரிஸில் ஒரு சினிமாக் கொட்டகையில் நிகழ்கிறது. பக்கத்தில் மனைவி. திரையில் மனசு செல்லவில்லை. பால் சர்க்கரை கிடைத்தால்தான் அதைச் செரிக்கும் என்ஸைமை பாக்டீரியா உண்டாக்குகிறது. இன்னொரு பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ் உறங்கிக் கிடந்து திடீரென்று விழித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது: டி.என்.ஏ.யின் மேலேயே ஏதோ ஒன்று உட்கார்ந்து ஜீன்களை வேலை செய்யவொட்டாமல் தடுக்கிறது!

பால் சர்க்கரை ஜீனுக்குக் கட்டளை இடுவதில்லை. அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் காவற்காரனைப் பற்றி அவன் உருவத்தை மாற்ற, அவன் பிடி நழுவுகிறது. எவ்வளவு அழகான கற்பனை! சகாவான மானோ முதலில் இதை ஏற்கவில்லை. 1961-ல் இருவரும் சேர்ந்து எழுதியபோதுகூட காவற்காரன் ஆர்.என்.ஏ.யாக இருக்கலாம் என்றே நினைத்தார்கள். 1966-ல் கில்பெர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிடித்துக் காட்டினார்கள், அது புரதம். ஒரு செல்லில் ஏறக்குறைய பத்தே பிரதிகள்!

அழகுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. கதைக்கட்டு கச்சிதமாக அமைந்துவிட்டால் அதில் அடங்காத பாத்திரத்தை விரட்டிவிடத் தோன்றும். நானும் செய்திருக்கிறேன். இங்கேயும் அதுதான் நடந்தது. அராபினோஸ் என்ற சர்க்கரை விஷயத்தில் ஒரு புரதம் ஜீனைத் தடுப்பதோடு நிற்காமல் முடுக்கியும் விடுகிறது என்று எங்கில்ஸ்பெர்க் 1965-ல் சொன்னார். வெகு காலம் பலர் நம்பவில்லை. சர்க்கரை இல்லாதபோது தடுப்பதும், வந்ததும் தூண்டுவதும் அதே புரதந்தான்! காவற்காரனை விட இதுவே எனக்குப் பிடித்த பாத்திரம். நம் உடம்புச் செல்களில் டி.என்.ஏ. புரத உருளைகளில் சுற்றிக் கிடப்பதால் பெரும்பாலான ஜீன்கள் மூடியே இருக்கின்றன. அங்கே தூண்டுகிறவனுக்குத்தான் முக்கிய வேஷம்.

இதனால் சினிமாக் கொட்டகைக் காட்சி பொய்யாகிவிடாது. ஆராய்ச்சிக்கூடம் நூலின் பிற்பகுதியில்தான் வருகிறது. பொறுமையற்றவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் யுத்தப் பக்கங்களை இழந்துவிடுவார்கள்.