காய்ந்த காஸும் ஆறாத காலும்

டிரெஸ்ஸிங் அறைகளில் பல காலமாக நடந்துவரும் முறை இது: சலைனில் நனைத்த காஸ் துணியைப் புண்ணுக்குள் வைத்துக் கட்டுவார்கள். மறுநாள் அது காய்ந்து ஒட்டியிருக்கும். பிய்த்தெடுத்தால் செத்த சதையும் கூடவே வந்துவிடும். சீழும் அழுகலுமாக இருக்கும் புண்ணுக்கு முதல் சில நாட்கள் இது உதவத்தான் செய்கிறது. செலவும் குறைவு, எந்தச் சிறிய மருத்துவமனையிலும் கிடைக்கும்.

கோளாறு அதற்குப் பிறகுதான். புண் சுத்தமாகி, அடியில் சிவந்த சதை பொடிப்பொடியாக எழும்பும்போது, அதே காஸ் அதையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. ரத்தம் கசிந்தால் 'நல்ல சதை வந்துடுச்சு' என்று திருப்திப்படுகிறவர்களும் உண்டு. நேற்று வளர்ந்தது இன்று கிழிந்த ரத்தமாகவும் அது இருக்கலாம். வலி தாங்காத நோயாளிக்கு நர்சு இரக்கப்பட்டுச் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுப்பார். நல்ல மனசுதான், ஆனால் பிய்ப்பதற்கென்றே காயவிட்ட காஸை நனைத்து எடுத்தால் அந்த முறைக்கே அர்த்தமில்லை. சர்க்கரை நோயில் மரத்துப்போன காலுக்கு அந்த இரக்கமும் கிடைப்பதில்லை. அதுதான் வலிக்கிறதென்று சொல்வதில்லையே.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றித் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். சிலவற்றைத் திறந்தே விட்டார். மூடியவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. பொருக்கு தட்டிய காயத்தில் புதுத் தோல் செல்கள் அதற்கடியில் ஈரமுள்ள இடம் தேடி நகர வேண்டியிருக்கிறது. 'காத்தாட விடு' என்ற வீட்டு யோசனை இங்கே அடிபடுகிறது.

அதற்காக ஈரம் காக்கும் ஃபோம், ஹைட்ரோகொலாய்டு கட்டுகளுக்கு உடனே தாவிவிடவும் முடியாது. விலை ஒரு தடை. கிருமி தொற்றிய புண்ணை நாட்கணக்கில் மூடிவைப்பது ஆபத்தும்கூட. தினமும் கட்டுப் பிரித்தால் விளிம்பு சிவந்ததா, நாற்றம் மாறியதா என்று நர்சின் கண்ணுக்காவது தெரியும். சதை எழும்பியதும் ஒட்டாத பாரஃபின் காஸுக்கு மாறுவது பெரிய செலவில்லாத வழி. பல இடங்களில் அந்த மாற்றத்தை யாரும் எழுதிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் குறை.

இன்னொன்றும் உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்கு, உணர்ச்சியற்ற பாதத்தை ஊன்றி ஊன்றி நடப்பதே காரணம் என்று கண்டார். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பியதும் புண்கள் ஆறின. சர்க்கரைப் பாதத்துக்கும் அதுவே பொருந்தும். இங்கேயோ, எந்த மருந்து வைத்துக் கட்டினார்கள் என்று விசாரிக்கும் வீட்டார், கட்டு முடிந்த கையோடு அதே காலை ஊன்றவைத்துப் பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக் கூட்டிப்போகிறார்கள். தடுக்க யாரும் இல்லை.